யவனக் குதிரைகளுக்குக் கொள்ளு

கொற்றங்குடாவில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் கடைத்திறப்பானாலும் முதல் பத்திரிகை கடலுக்குத்தான். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கடலுக்குப் போய்த் திரும்பாத தங்கள் வீட்டு ஆட்களின் பெயரைப் பத்திரிகையின் மேல் எழுதி, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, "அவசியம் வந்துரணும்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் அலையில் விடுவார்கள். இந்துக்களும் விடுவார்கள், கிறிஸ்தவர்களும் விடுவார்கள், முஸ்லிம்களும் விடுவார்கள், ஏனென்றால் கடல் எல்லார் வீட்டிலும் கை வைத்திருந்தது. அப்படிக் கூப்பிட்டு இதுவரை யாரும் வந்ததில்லை. ஆகவே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அந்த ஊரில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

நம்புநாயகியும் யோசிக்கவில்லை. அவள் அந்த ஊர் அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். அங்கேயே பிறந்து, மதுரையில் படித்து, ஏழெட்டு ஊர் சுற்றிவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவள். அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டே அறை, ஒரு மின்விசிறி, பழைய துறைமுக மேட்டைத் தோண்டியபோது கிடைத்த உடைந்த மதுச்சாடிகள், தேய்ந்த காசுகள், அப்புறம் ஒரு பாதி முகம். வெண்கலத்தில் செய்த முகமூடியின் பாதி, ஒரு கண் ஓட்டையும் மூக்கில் முக்காலும் உள்ளது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இங்கே வியாபாரத்துக்கு வந்த யவனர்களோடு காவலுக்கு வந்த குதிரை வீரன் எவனோ அணிந்தது என்று பெரியவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நம்பு உடைந்ததை மட்டுமே துடைத்து, உடைந்ததை மட்டுமே அடுக்கி, உடைந்ததற்கு மட்டுமே எண் போட்டுக்கொண்டிருந்தவள்.

அந்தப் பாதி முகத்தை வைத்துத்தான் தலைநகரத்து மரபு இயக்ககம் 'யவனக் குதிரைப்படை மரபுக் கண்காட்சி' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. பணம் தாராளமாக வந்தது. ஃபைபரில் ஒரு பெரிய குதிரை செய்யப் பணம், ஃபிளெக்ஸ் பேனருக்குப் பணம், ஷாமியானாவுக்கும் சால்வைக்கும் பணம், குறும்படம் ஒன்று எடுக்கப் பணம், இதையெல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல வந்த ஆலோசகருக்கு இதையெல்லாம்விட அதிகப் பணம். ஊரின் பங்கு என்று ஒரு தொகை கேட்டார்கள். பேரூராட்சித் தலைவர் நைனா முகம்மது, பேருந்து நிலையத்துக்குக் கூரை போட வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். "கண்காட்சிக்கு ஆளு வரும், ஆளு வந்தா பஸ்ஸு வரும், பஸ்ஸு வந்தா கூரை தானா வரும் தங்கச்சி" என்று அவர் சொன்னபோது நம்புவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பத்திரிகையை உள்ளூர் அச்சகத்தில் அடித்தார்கள். அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு எதுவும் அடித்துப் பழக்கமில்லை. 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்' என்று அதிலும் போட்டுவிட்டார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்ட நம்பு, ஊர் வழக்கப்படி முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனாள். யார் பெயரை எழுதுவது என்று அங்கேதான் யோசித்தாள். கல்யாணமென்றால் அப்பா பெயரை எழுதலாம், மாமன் பெயரை எழுதலாம். இது யார் வீட்டு விசேஷம்? அவர்கள் விசேஷம்தானே என்று, பத்திரிகையின் மேல் 'யவனக் குதிரை வீரர் அவர்களுக்கு' என்று நல்ல கையெழுத்தில் எழுதி, தண்ணீரில் இறங்கி நின்று, அவசியம் வந்துரணும் என்று மனதாரச் சொல்லி அலையில் விட்டாள்.

திறப்பு விழா அன்று காலை, தலைமை விருந்தினர் மரபின் பெருமையைப் பற்றி மைக்கில் பேசிக்கொண்டிருக்கையில், அவர்கள் கடலிலிருந்து ஏறி வந்தார்கள். முதலில் குதிரைகளின் காதுகள் தெரிந்தன, அப்புறம் நனைந்த பிடரி, அப்புறம் வெயிலில் பளபளக்கிற வெண்கல முகங்கள், அப்புறம் ஈரம் சொட்டுகிற சிவப்புத் துணிகள். வலை காயப்போட்டிருந்த இடத்தைக் கவனமாகச் சுற்றிக்கொண்டு, படகுகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாக நடந்து, மீன் ஏலக் கொட்டகையைத் தாண்டி, பந்தலின் வாசலில் வந்து நின்று, கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் வந்து உள்ளே அழைப்பதற்காகக் காத்திருந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்தார்கள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

நைனா முகம்மது எழுந்து ஓடினார். "வாங்க, வாங்க, ஏன் வெளியவே நின்னுட்டீக?" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார். பந்தல் வாசலில் நின்ற பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். வெண்கல நெற்றிகளில் சந்தனம் வைத்தார்கள், அது வழுக்கி மூக்கில் இறங்கியது. தலைமை விருந்தினர் இவர்களை விழாவுக்கு வரவழைத்த நாடகக் குழு என்று எண்ணிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே "எவ்வளவு தத்ரூபம் பாருங்கள்" என்று பாராட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களுக்கும் இலை போட்டார்கள். அவர்கள் முகமூடியைக் கழற்றவுமில்லை, சாப்பிடவுமில்லை, இலைக்கு முன் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லாரும் எழுந்தபோது எழுந்தார்கள். குதிரைகள் மட்டும் வாழை இலைகளையும் அதிலிருந்த சோற்றையும் பந்தலின் ஓரத்து வைக்கோலையும் தின்று தீர்த்தன. ஏலக் கொட்டகையில் அவற்றைக் கட்டினார்கள்.

மறுநாள் அவர்கள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கொற்றங்குடாவில் வெற்றிலை வைத்து அழைக்கப்பட்டவர்கள், அழைத்தவரே மறுபடி வெற்றிலை கொடுத்து "போயிட்டு வாங்க" என்று சொன்னால்தான் கிளம்புவார்கள். யவனர்களுக்கும் அந்த மரியாதை தெரிந்திருந்தது என்று ஊர் மெச்சிக்கொண்டது. நம்பு வெற்றிலை கொடுக்கவில்லை. கண்காட்சி நடந்துகொண்டிருக்கிறதே, விசேஷம் முடியாமல் எப்படி விருந்தாளியை அனுப்புவது?

ஊருக்கு அவர்கள் சீக்கிரமே பழகிப்போனார்கள். பாஷைதான் புரியவில்லை, அது ஒரு குறையாகவும் யாருக்கும் படவில்லை, வீட்டுக்குள்ளேயே பாஷை புரியாமல் குடித்தனம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். மாதா கோயில் சப்பரத்துக்கு முன்னால் அவர்கள் குதிரையில் போனார்கள், அம்மன் கோயில் முளைப்பாரிக்குப் பின்னால் போனார்கள், தர்கா சந்தனக்கூட்டுக்கு இரண்டு பக்கமும் போனார்கள். ரேஷன் கடையிலிருந்து கிழவிகளின் அரிசிப் பையைச் சேணத்தில் தொங்கவிட்டு வீடு வரை கொண்டுபோய் விட்டார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் போர்டை 'யவனா சலூன்' என்று மாற்றினார், ஆனால் முகமூடி கழற்றாதவர்களால் அவருக்கு ஒரு ரூபாய் வருமானமில்லை. ஓட்டுக் கேட்டு வந்த கட்சிகள் இரண்டும் அவர்களை ஊர்வலத்துக்குக் கூப்பிட்டன, இரண்டுக்கும் அவர்கள் போனார்கள், இரண்டு கட்சிக்காரர்களும் அவர்களைத் தங்கள் ஆள் என்று நம்பினார்கள். குதிரைகளுக்குப் பெயர் வைத்தார்கள். கருத்தது கருப்பி, நொண்டுவது சிங்காரம், எந்நேரமும் வாசல் கோலத்தை முகர்ந்து பார்ப்பது பவளம். பவளத்துக்கு ஒரு காது கிழிந்திருக்கும். நம்பு கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் அது தலையைத் தூக்கிப் பார்க்கும். வாழ்நாள் முழுக்கக் கைப்பிடியில்லாத சாடியையும் பாதி முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பழங்காலத்திலிருந்து முழுசாக, சூடாக, மூச்சு விட்டுக்கொண்டு வந்தது அந்தக் குதிரைதான். அவளுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பார்க்க ஆட்கள் வந்தார்கள், நைனா முகம்மது சொன்னதுபோல் பஸ்ஸும் வந்தது. டிக்கெட்டுப் பணம் அன்றன்றைக்கே கருவூலத்துக்குப் போயிற்று, அங்கிருந்து எதுவும் திரும்பவில்லை. குதிரைகளோ தின்றுகொண்டேயிருந்தன. முதல் மாதம் ஊர் போட்டது. கழுநீரும் தவிடும் புல்லும், வசதியுள்ள வீடுகளிலிருந்து கொள்ளும் வந்தன. கொள்ளு கொடுத்தவர்கள் அதைச் சொல்லிக் காட்டவும் செய்தார்கள். இரண்டாம் மாதம் வந்தது பாதி. நம்பு இயக்ககத்துக்கு எழுதினாள்.

துணை இயக்குநர் தாமோதரன் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலே மெதுவாக இருக்கும், யாரையும் கடிந்து பேசமாட்டார்.

"மேடம், உங்க கோரிக்கையைப் படிச்சேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா தீவனம்னு நம்ம திட்டத்துல ஒரு இனமே இல்லையே. ஃபைபர் குதிரைக்குப் பராமரிப்பு இருக்கு. பெயின்ட், மெழுகு, தார்ப்பாய், இன்சூரன்ஸ், எல்லாம் வருஷா வருஷம் வரும். அது வேணும்னா கூட்டித் தர்றேன்."

"ஃபைபர் குதிரை தின்னாது சார்."

"அதான் மேடம், அதுக்கு அனுமதி வாங்கறது சுலபம்."

"இதுங்க உயிரோட இருக்குதுங்க சார். நான் கூப்பிட்டு வந்ததுங்க."

"உயிரோட இருக்கறது மரபாகாது மேடம். நூறு வருஷம் பழசுன்னு ஒரு சான்று இருந்தா சொல்லுங்க, நானே கோப்பைத் தூக்கிட்டுப் போறேன்."

கால்நடை மருத்துவர் வந்து குதிரைகளின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பவளத்துக்கு வயது ஏழு என்றார், மற்றவற்றுக்கும் ஏறத்தாழ அப்படித்தான். அவரைக் குறை சொல்ல முடியாது, பல் சொன்னதை அவர் சொன்னார். கடலில் கழிந்த வருஷங்கள் பல்லில் ஏறாது போலிருக்கிறது. ஏழு வயதுக் குதிரை தொல்பொருள் அல்ல என்று இயக்ககம் பதில் எழுதியது. கால்நடைத் துறையைக் கேட்டபோது, அயல்நாட்டுக் குதிரைகள் துறைமுகத்தில் முறைப்படி இறங்கிய தாள் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். தாமோதரன் மட்டும் விடவில்லை. சிறப்பு அனுமதி ஒன்றுக்கு எழுதியிருப்பதாகவும், மேலே போயிருப்பதாகவும், வந்துவிடும் என்றும் மாதாமாதம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் நம்புவின் தலையெழுத்து. பொய் சொல்லியிருந்தால் அவள் சீக்கிரமே விட்டுத் தொலைத்திருப்பாள்.

ஆடி மாதம், காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், மீன் விற்கும் சவேரியம்மா அருங்காட்சியகத்து வாசலில் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். நம்புவின் தாயாரோடு ஒன்றாகக் கருவாடு காயப்போட்டவள். அந்த உரிமையில் யாரும் சொல்லாததை அவள் சொல்வாள்.

"ஏத்தா நம்பு, வெத்தலையைக் குடுத்து வழியனுப்பிரு. இன்னும் காலு ஊண்டி நிக்கிதுக. வந்த வழி தெரியும், போயிருவாக."

"ஆணை வருது சித்தி. அடுத்த மாசம் வந்துரும்."

"வரட்டும். வந்தா அதை நீ வச்சுக்க. வாயில்லாச் சீவன் வயித்துல கைய வச்சுப் பாரு, எலும்பு தட்டுது."

"அனுப்பிட்டா கண்காட்சிப் பொருள் எங்கேன்னு என்னைக் கேப்பாக. பொறுப்புல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அத்தனை பணத்தையும் எங்கிட்ட வசூல் பண்ணுவாக."

"அதுமட்டுந்தானா?"

நம்பு கொட்டகையின் பக்கம் திரும்பினாள். அதுமட்டுமில்லை என்பது சவேரியம்மாவுக்கும் தெரியும். அங்கே பவளம் தலையைத் தூக்கி நம்புவின் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுதிப் போட்ட பணம் வந்துவிட்டால் லாயம் கட்டலாம், தண்ணீர்த் தொட்டி கட்டலாம், இவை எல்லாம் இங்கேயே இருக்கலாம், தன் காலத்தில் ஒன்றாவது முழுசாக இருக்கும் என்று அவள் ஆசைப்பட்டாள். தப்பான ஆசையுமல்ல. அவள் அன்றைக்கே வெற்றிலையை எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பெய்யவில்லை. கிணறுகளில் உப்பு ஏறியது. லாரித் தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிற ஊரில், ஒரு குதிரை ஒரு வீட்டின் குடங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் குடித்துவிடும். ஊர் கெட்டுப்போகவில்லை, ஆனால் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதலில் கதவை ஒருக்களித்தார்கள், பிறகு சாத்தினார்கள். "கவுருமெண்டு விருந்தாளிக்கு நாம எத்தனை நாளைக்குத்தான் தண்ணி ஊத்துறது?" என்று தெருக்குழாயில் பேச்சு வந்தது. வந்த அன்றைக்குப் பன்னீர் தெளித்த அதே கைகள்தான். நம்பு தன் சம்பளத்தில் தவிடு வாங்கினாள், நகையை வைத்துக் கொள்ளு வாங்கினாள், முதலில் காலைச் சாப்பாட்டை விட்டாள், பிறகு மதியத்தையும் விட்டாள். வீரர்கள் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. கொட்டகைக்குள் அவள் நுழைந்தால் வெண்கல முகங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கும். விருந்துக்கு அழைத்தவளுக்குத் தரும் மரியாதை. அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை.

கார்த்திகையில் கருப்பி செத்தது. கரையோரம் குழி தோண்டி, சங்கு ஊதி, மாலை போட்டு ஊரே சேர்ந்து புதைத்தது. சாவுக்கு மட்டும் கொற்றங்குடா ஒருநாளும் கஞ்சத்தனம் பண்ணியதில்லை. நம்பு அதை இயக்ககத்துக்குத் தெரிவித்தாள். அந்த வாரமே ஜீப் வந்தது. மண்ணுக்கு அடியில் யவனக் குதிரை ஒன்று இருக்கிறதென்றால் அது அகழாய்வு. அகழாய்வுக்குத் திட்டத்தில் இடமிருந்தது, பணமுமிருந்தது. இளம் ஆய்வாளர்கள் குழியைச் சுற்றிச் சதுரம் சதுரமாக நூல் கட்டி, கரண்டியால் மெதுவாகச் சுரண்டி, தூரிகையால் மணலைத் துடைத்துத் துடைத்து, மாலையின் பூ வாடாத கருப்பியை வெளியே எடுத்தார்கள். கூடாரத்துக்குப் பணம், அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பணம், எலும்பைச் சுத்தம் செய்யும் மருந்துக்குப் பணம், கண்ணாடிப் பெட்டிக்கும் அதைக் குளுகுளுவென்று வைத்திருக்கும் இயந்திரத்துக்கும் பணம். அந்த இயந்திரம் ஓடிய ஓட்டத்தில் அருங்காட்சியகத்தின் ஒற்றை மின்விசிறி நின்றுபோனது.

ஊர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. செத்த குதிரைக்கு வந்த கூட்டம் டீக்கடையில் டீ குடித்தது, லாட்ஜில் தங்கியது, தோண்டக் கூலிக்கு ஆள் வைத்தது. அதற்குப் பிறகு குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவசியமிருக்கவில்லை. சிங்காரம் போயிற்று, அதன் பின் ஒன்று, அதன் பின் இன்னொன்று. கரை முழுக்க நூல் சதுரங்கள் நிறைந்தன, பிள்ளைகள் அதில் பாண்டி ஆடினார்கள். குதிரை செத்ததும் அதன் வீரன் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறகு கண்காட்சி அறைக்குள் போய்ச் சுவரோரம் நின்றுகொள்வான், அதற்குப் பிறகு அசையமாட்டான். பார்க்க வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பொம்மைகள் நன்றாக இருப்பதாக வருகையாளர் கருத்துப் புத்தகத்தில் எழுதினார்கள்.

நம்பு நைனா முகம்மதுவிடம் போய்ச் சண்டை போட்டாள்.

"அண்ணே, ஒரு லாரித் தண்ணி. ஒரே ஒரு லாரி. நீங்கதான வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தீக."

அவர் தலைகுனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் அன்றைக்குத் தண்ணீர் இல்லை, அது உண்மை. "நான் என்ன செய்ய தங்கச்சி? பஸ் ஸ்டாண்டுல ஒரு கெழவி வெயில்ல மயங்கி விழுந்துட்டா. கூரைக் காசு எங்கேன்னு என்னையக் கேக்குறாக. நான் குதிரையக் காட்டுறேன். குதிரையும் போயிட்டா நான் எதைக் காட்ட?" என்று சொல்லிவிட்டு, தனக்கு வைத்திருந்த மோர்ச் செம்பை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள்.

மாசி மாதம் பவளம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் வீரன் அதற்கு நிழல் விழுகிற பக்கமாகவே நாள் முழுக்க இடம் மாறி மாறி நின்றான். அன்று மத்தியானம் நம்பு ஒரு முடிவுக்கு வந்தாள். ஆணை வேண்டாம், வேலை வேண்டாம், வசூல் செய்தால் செய்துகொள்ளட்டும் என்று, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, தலையை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். வீரன் எழுந்து நின்றான். அவள் தட்டை நீட்டி, "போயிட்டு வாங்க" என்றாள். அவன் இரண்டு கைகளாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டான். நெடுநாளாக எதிர்பார்த்திருந்தவன்போல் சட்டென்று சேணத்தைத் தட்டிச் சரிசெய்து, கடிவாளத்தைப் பிடித்து, கடலின் பக்கம் திரும்பினான். பவளமும் புரிந்துகொண்டது. முன்கால்களை ஊன்றியது, முதுகெலும்பு வரிசையாகத் தெரிய ஒருமுறை உந்தியது. பின்கால்கள் எழவில்லை. மறுபடி உந்தியது. அவன் அதன் வயிற்றுக்கடியில் தோள் கொடுத்தான், நம்பு தட்டைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் தோள் கொடுத்தாள், சவேரியம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள், மூன்று பேரும் சேர்ந்தும் முடியவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பவளம் கிழிந்த காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கிடந்தது, பொழுது சாய்வதற்குள் செத்தது. நம்பு வாய்விட்டு அழுதாள். அழைத்தது நான், அனுப்பாததும் நானே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சவேரியம்மா இல்லை என்று சொல்லவில்லை.

பங்குனியில் ஆணை வந்தது. தாமோதரனே போனில் கூப்பிட்டார், குரலில் அப்படியொரு சந்தோஷம். "மேடம், வந்துருச்சு! சிறப்பு இனமாவே போட்டுட்டாங்க, குதிரைத் தீவனம்னு. இந்தத் துறை வரலாற்றுலயே முதல் முறை. நிதியாண்டு முடியறதுக்குள்ள செலவழிச்சுடணும், இல்லேன்னா திரும்பிப் போயிடும், அப்புறம் எப்பவுமே தரமாட்டாங்க." நம்பு குதிரைகள் இல்லை என்று சொன்னாள். மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "இருந்தாலும் வாங்கிடுங்க மேடம், ப்ளீஸ். வாங்கலேன்னா தேவையில்லாம கேட்டதா ஆகிடும்" என்றார்.

கொள்ளு லாரியில் வந்தது. நல்ல கொள்ளு, கல்லில்லாதது, புதுச் சாக்கில் கட்டியது. ஏலக் கொட்டகையில், குதிரைகள் நின்ற இடம் முழுக்க, உத்தரம் தொட அடுக்கினார்கள். அதே வாரம் கண்காட்சியின் இரண்டாம் ஆண்டுத் தொடக்க விழா. எலும்புக்கூடுகள் வரிசையாகக் கண்ணாடிக்குள் ஜொலித்தன, சுவரோரம் வீரர்கள் நின்றார்கள், தலைமை விருந்தினர் மரபின் பெருமையைப் பேசினார். வந்த கூட்டத்துக்குக் கொடுக்க எதுவுமில்லையே என்று கையைப் பிசைந்த நைனா முகம்மது, சாக்குகளைப் பார்த்து, "வச்சிருந்தா வண்டுதான் திங்கும்" என்றார். அண்டா வைத்து அவித்தார்கள். கடுகு, வற்றல், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு, தொன்னையில் கொடுத்தார்கள். வரிசை பேருந்து நிலையம் வரை நீண்டது. இரண்டாம் முறை வாங்க மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். மழையில்லாத வருஷத்தில் ஊர் வயிறு நிறைந்த நாள் அது. மிச்சக் கொள்ளைப் படி படியாக வீட்டுக்கு அளந்து விட்டார்கள், அன்றைக்குச் சாயங்காலம் எல்லாத் தெருவிலும் கொள்ளு ரசத்தின் வாசம்.

சுவரோரம் நின்ற வீரர்களுக்கும் ஒரு பெண் தொன்னைகளைக் கொண்டுபோனாள். யாரும் கை நீட்டவில்லை. பவளத்தின் வீரன் மட்டும் அசைந்தான். தொன்னையை வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கி, கொட்டகையின் ஓரத்தில் பவளத்தைக் கட்டியிருந்த தூணுக்கு நடந்தான். கொள்ளை உள்ளங்கையில் கொட்டி, முகமூடியோடு ஊதி ஆற்ற வழியில்லாததால் சற்று நேரம் காற்றில் வைத்திருந்து ஆறவிட்டு, குதிரையின் வாய் இருக்கும் உயரத்துக்குக் கையை நீட்டி, அப்படியே நின்றான்.

பவளம் இனி வராது என்று போய்ச் சொல்ல வேண்டும் என்று நம்பு நினைத்தாள். எந்த பாஷையில் சொல்வது என்று தெரியவில்லை. அவள் கையிலும் யாரோ ஒரு தொன்னையைத் திணித்திருந்தார்கள். எத்தனையோ மாதமாக அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்தவள், அவனைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் அள்ளிப் போட்டாள். உப்பு சரியாக இருந்தது. பதமாக வெந்திருந்தது. இன்னொரு வாய் போட்டுக்கொண்டாள். தொன்னை காலியாகும் வரை அவளால் நிறுத்த முடியவில்லை.